பழைய ஒலிக்கருவிகளில் மும்முனை மோட்டார்: அறிகுறியைக் கொண்டு பழுது காணும் முறை

ஸ்டுடியோக்களில் இருந்த ஒலிநாடாக் கருவிகள், இசைத்தட்டு வெட்டும் லேத்துகள், ஒலிபரப்புக்கென்று செய்யப்பட்ட கனமான டர்ன்டேபிள்கள், திரைப்பட ஒலிச்சேர்க்கைக் கருவிகள் ஆகியவற்றுள் சிலவற்றைத் திறந்தால் உள்ளே மும்முனை மோட்டார் இருக்கும். சில வாட் அல்லது சில பத்து வாட் போதுமான வேலைக்கு மும்முனை மோட்டாரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதிர்வைக் குறைப்பதே. ஒருமுனை மின்சாரம் தரும் முறுக்குவிசை 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். மும்முனை மின்சாரத்தின் மூன்று ஃபேஸ்களும் (தனித்தனி மின்னலைகளும்) சம அளவிலும் 120 பாகை இடைவெளியிலும் அமைந்துவிட்டால் அந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து, முறுக்குவிசை சீராக நிற்கும். இந்தச் சமநிலை கெட்டாலும் மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருக்கும் என்பதால் தொழிற்சாலையில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஒலிக்கருவியிலோ அது உடனே காதில் விழுந்துவிடுகிறது. எனவே கீழே வரும் அறிகுறி எதுவானாலும், எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் மூன்று ஃபேஸ்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளப்பதையே முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.

தொடங்குமுன் எடுக்க வேண்டிய அளவுகள்

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, மின்தேக்கிகளைத் தடை வழியாக வடித்துவிடுங்கள். விஎஃப்டி (மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றித் தரும் மின்னணுச் சாதனம்) இணைத்திருந்தால் அதன் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். அதன் மேல் அச்சிட்டுள்ள காத்திருப்பு நேரத்தை முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டும். பழைய தகரக் குப்பி மின்தேக்கிகளுள் சிலவற்றில் பிசிபி எனப்படும் நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடவோ, உடைத்துப் பார்க்கவோ கூடாது.

மோட்டாரின் மூன்று ஒயர்களையும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்த பிறகு, இரண்டிரண்டாக மூன்று ஜோடிகளின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நல்ல மோட்டாரில் மூன்று எண்களும் இரண்டு மூன்று விழுக்காட்டுக்குள் ஒத்திருக்கும். ஒத்திராவிட்டால், அந்த வேறுபாட்டின் வடிவமே பழுது எங்கே என்று சொல்லிவிடும். மூன்று வைண்டிங்குகளும் (கம்பிச் சுருள்களும்) ஒரு பொதுப் புள்ளியில் சேரும் ஸ்டார் இணைப்பில் ஒன்று அறுந்திருந்தால் ஒரு ஜோடி மட்டும் அளவு காட்டும், மற்ற இரண்டு ஜோடிகளும் திறந்த சுற்றாகத் தெரியும். மூன்றும் முக்கோணமாகச் சேரும் டெல்டா இணைப்பில் ஒன்று அறுந்திருந்தால் மூன்று ஜோடிகளும் அளவு காட்டும். ஆனால் ஒரு ஜோடியின் அளவு மற்ற இரண்டைப்போல் இருமடங்கு இருக்கும், அறுந்த வைண்டிங் அந்த ஜோடிக்கு இடையில்தான் இருக்கிறது. அறுந்த வைண்டிங்கிலும் மீட்டர் ஓர் எண்ணைக் காட்டுவதால் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

அடுத்ததாக ஒயர்களுக்கும் மோட்டாரின் உலோக உடலுக்கும் இடையே, மின்காப்பைச் சோதிக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கரால் அளக்க வேண்டும். ஒரு மெகாஓம் என்பது பழைய நடைமுறையின் கடைசி எல்லை. நல்ல நிலையில் உள்ள சிறு மோட்டார் பத்துகள், நூறுகள் மெகாஓம் காட்டும். மின்னணுச் சுற்றோடு இணைந்திருக்கும்போது மெக்கரை வைத்தால் அந்தச் சுற்று போய்விடும் என்பதை மறக்கக் கூடாது.

உறுமுகிறது, சுற்றுவதில்லை

கையால் மெல்லத் தள்ளிவிட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே ஓடத் தொடங்குமானால், ஒரு ஃபேஸ் வரவில்லை என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். மூன்று ஃபேஸ்களும் வரும் மோட்டாருக்குத் தன் திசை எது என்று தெரியும். இந்த நிலையில் மோட்டாரை அதிக நேரம் உறும விடுவது வைண்டிங்கை எரித்துவிடும்.

மின்தடைகள் மூன்றும் சமமாக இருந்தால் குற்றம் மோட்டாருக்கு வெளியே இருக்கிறது. ஒருமுனை மின்சாரத்திலிருந்து மின்தேக்கி வழியாக மூன்றாவது ஃபேஸை உருவாக்கும் ஸ்டெயின்மெட்ஸ் இணைப்பு உள்ள கருவியானால் முதலில் மின்தேக்கியைச் சந்தேகியுங்கள். அடுத்து வேக மாற்றி, ரிலே ஆகியவற்றின் கருத்த தொடுமுனைகள். அதற்கும் அடுத்து பல ஆண்டுகள் வளைந்து நிமிர்ந்து உறைக்குள்ளேயே அறுந்துபோன ஒயர். மின்தேக்கியின் அளவு அதன் மேல் எழுதியுள்ளதிலிருந்து ஐந்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம். புதிதாக வைப்பது மோட்டார் தொடர்ந்து ஓடும்போது சுற்றிலேயே இருக்கும்படி செய்யப்பட்ட பாலிப்ரொப்பிலீன் வகையாகவும், மாறுமின்னழுத்தத்தில் 400 முதல் 450 வோல்ட் வரை தாங்குவதாகவும் இருக்க வேண்டும். இந்த இணைப்பில் மின்தேக்கியின் குறுக்கே மின்வழங்கலைவிட உயர்ந்த அழுத்தம் தோன்றக்கூடும். தொடக்க நொடிகளுக்கு மட்டுமென்று செய்யப்பட்ட எலக்ட்ரோலிட்டிக் வகை வெடித்துவிடும்.

தள்ளியும் ஓடவில்லை, கையால் திருப்பும்போதே கனமாக இருக்கிறது என்றால் பேரிங்கில் எண்ணெய் பிசினாகிவிட்டது. இத்தகைய மோட்டார்களில் பெரும்பாலும் இருப்பது, நுண்துளைகளில் எண்ணெயைத் தேக்கி வைத்திருக்கும் வெண்கலப் புஷ். கரைப்பானைத் தெளித்தால் பிசினோடு அந்தத் துளைகளின் எண்ணெயும் வெளியேறிவிடும். மோட்டார் அன்று நன்றாக ஓடி, சில வாரங்களில் கிறீச்சிடத் தொடங்கும். எனவே கழுவிய புஷ்ஷை உலரவிட்டு, இளஞ்சூடான மெல்லிய டர்பைன் எண்ணெயில், வெளியேறும் காற்றுக் குமிழ்கள் அடங்கும் வரை ஊறவைத்து, அதைச் சுற்றியுள்ள கம்பளி வளையத்தையும் அதே எண்ணெயில் நனைத்துப் பொருத்த வேண்டும். ஐஎஸ்ஓ விஜி 32 தரம் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். வண்டி எஞ்சின் எண்ணெயில் அழுக்கை மிதக்கவைக்கும் சேர்மங்கள் உள்ளன. அது இங்கு வேண்டாம்.

எதிர்த்திசையில் சுற்றுகிறது

மூன்று ஒயர்களில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும். மின்தேக்கி இணைப்பில், மின்தேக்கியின் ஒரு காலை ஒரு மின்வழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வேண்டும். ஒலிநாடாக் கருவியில் நாடாவை ஏற்றாமல் சோதியுங்கள்.

ஆறு ஒயர்கள் வெளியே வரும் மோட்டாரில், திசையோடு உறுமலும் மிகைச் சூடும் சேர்ந்து தெரிந்தால், ஒரு வைண்டிங்கின் தொடக்கமும் முடிவும் மாறிப்போயிருக்கின்றன. இரண்டு வைண்டிங்குகளைத் தொடராக இணைத்து, சிறு மின்மாற்றியிலிருந்து ஆறு அல்லது பன்னிரண்டு வோல்ட் மாறுமின்னோட்டம் கொடுத்து, மூன்றாவதில் அழுத்தத்தை அளந்தால் விடை கிடைத்துவிடும்: ஒன்றின் முடிவும் மற்றதன் தொடக்கமும் இணைந்திருந்தால் மூன்றாவதில் அழுத்தம் தோன்றும், முடிவும் முடிவும் இணைந்திருந்தால் ஏறத்தாழச் சுழியமாக இருக்கும்.

திரைப்பட ஒலிக்கருவியிலிருந்து எடுத்த மோட்டாரின் தண்டில் வழுக்கு வளையங்களும் பிரஷ்களும் தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது பல கருவிகளை ஒன்றோடொன்று பூட்டி ஒரே கதியில் ஓட்டுவதற்கான செல்சின் வகையாகும். சாதாரண மோட்டார் என்று எண்ணி மின்வழங்கலில் மாட்டக் கூடாது.

சீராக ஓடுகிறது, சுருதி தவறாக இருக்கிறது

அளவைத் தொடங்குவதற்கு மோட்டாரின் பெயர்ப்பலகை போதும். ஒத்தியங்கும் மோட்டாரின் (மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பூட்டியதுபோல் ஓடும் மோட்டாரின்) வேகம், அதிர்வெண்ணை 120-ஆல் பெருக்கித் துருவங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதாகும். நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்றும், 60 ஹெர்ட்ஸில் 1800 சுற்றும் ஓடும். 60 ஹெர்ட்ஸ் நாட்டுக் கருவியை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்தாகக் குறைந்து, சுருதி மூன்று அரைச்சுரத்துக்குச் சற்று மேல் இறங்கிவிடும். 3150 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி பதிந்த தட்டோ நாடாவோ இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. 2625 ஹெர்ட்ஸ் தெரிந்தால் காரணம் இதுதான்.

இதற்கு விஎஃப்டி வைத்து 60 ஹெர்ட்ஸைத் திருப்பித் தரலாம், அல்லது மோட்டாரின் தண்டில் ஒன்றுக்கு 1.2 என்ற விகிதத்தில் பெரிய கப்பியை மாட்டலாம். கப்பியை மட்டும் மாற்றி அதே மின்னழுத்தத்தைக் கொடுத்தால் இரும்புக்கருவில் காந்தப்புலம் நிறைவுற்றுச் சூடு ஏறும். அழுத்தத்தையும் அதிர்வெண்ணின் விகிதத்திலேயே குறைக்க வேண்டும்: 60 ஹெர்ட்ஸில் 230 வோல்ட் என்றால் 50 ஹெர்ட்ஸில் சுமார் 192 வோல்ட்.

ஸ்ட்ரோப் தட்டை (மினுமினுக்கும் விளக்கொளியில் கோடுகள் நின்றதுபோல் தெரிந்தால் வேகம் சரி என்று காட்டும் தட்டை) நம்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. 33⅓ சுற்றுக்கு 50 ஹெர்ட்ஸ் ஒளியில் 180 கோடுகள், 60 ஹெர்ட்ஸில் 216 கோடுகள். தட்டு மாறினால் அளவும் பொய்யாகும். மினுமினுக்காத எல்இடி விளக்கில் எதுவும் தெரியாது. மேலும், மோட்டார் விஎஃப்டியில் ஓடி, விளக்கு நேரடி மின்வழங்கலில் எரிந்தால், இரண்டு வெவ்வேறு மூலங்களை ஒப்பிடுகிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சுருதி மெல்ல அலைகிறது

மோட்டார் ஒத்தியங்கும் வகையா, சற்றே வழுக்கி ஓடும் தூண்டல் வகையா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். மின்னழுத்தத்தை ஒரு வேரியாக் (அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்மாற்றி) கொண்டு பத்து விழுக்காடு குறைத்துச் சோதனை ஒலியைக் கேளுங்கள். ஒத்தியங்கும் மோட்டாரின் வேகம் மாறாது. மாறினால் அது தூண்டல் வகை, அல்லது ஒத்தியக்கத்தை இழந்து வழுக்கிக்கொண்டிருக்கும் ஹிஸ்டரிசிஸ் வகை (ஒத்தியங்கும் மோட்டார்களில் ஒன்று). பின்னதற்குக் காரணம் மூன்று: அழுத்தம் போதவில்லை, சுமை மிகுதி, அல்லது ஒரு ஃபேஸ் பலவீனம்.

அழுத்தம் போதாமைக்குப் பொதுவான மூலம், ஸ்டாரும் டெல்டாவும் மாறிப்போவதாகும். 220/380 என்று பொறித்த மோட்டார் 220-இல் டெல்டாவாகவும் 380-இல் ஸ்டாராகவும் இணைய வேண்டும். ஸ்டாரில் விட்டு 230 வோல்ட் கொடுத்தால் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் 133 வோல்ட் மட்டுமே கிடைத்து, முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்காகிவிடும். மோட்டார் சுற்றும், ஆனால் கனமான தட்டை உரிய வேகத்துக்கு இழுத்து நிறுத்த முடியாது. இதற்கு நேர்மாறான தவறு சில நிமிடங்களில் வைண்டிங்கைக் கருக்கிவிடும்.

விஎஃப்டியில் ஓடும்போது அலைந்தால் அதன் அமைப்புகளைப் பாருங்கள். வழுக்கலை ஈடுசெய்யும் வசதியும் வெக்டர் கட்டுப்பாடும் இத்தனை சிறிய மோட்டாரைக் கணிக்கத் தெரியாமல் தடுமாறும். அவற்றை அணைத்து, அழுத்தமும் அதிர்வெண்ணும் ஒரே விகிதத்தில் நகரும் எளிய முறையில் வைப்பதே சரி.

ஒலியில் தாழ்ந்த ரீங்காரம் கேட்கிறது

மும்முனை மோட்டார் வைத்த கருவிக்கு வரும் புகார்களில் அதிகப் பொறுமை கேட்பது இதுதான். ஒரே மாதிரி ஒலிக்கும் ரீங்காரம் மூன்று வெவ்வேறு வழிகளில் காதுக்கு வரலாம், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. டர்ன்டேபிளை எடுத்துக்கொண்டால், மூன்று நிலைகளில் கேட்டுப் பிரிக்கலாம்.

முதலில் ஊசியைத் தூக்கிய நிலையில் டோன்ஆர்மை (ஊசியைத் தாங்கும் கையை) தட்டின் மேல் நிறுத்தி, மோட்டாரை ஓடவிட்டுக் கேளுங்கள். இப்போதே ரீங்காரம் இருந்து, டோன்ஆர்மை மோட்டாரை நோக்கி நகர்த்தும்போது அது கூடினால், மோட்டாரின் சிதறிய காந்தப்புலம் கார்ட்ரிட்ஜின் (ஊசியின் அசைவை மின்சமிக்ஞையாக்கும் உறுப்பின்) சுருளில் நேரடியாக ஏறுகிறது. இது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸாக இருக்கும். அடுத்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நிற்கும் இசைத்தட்டின் மேல் ஊசியை வைத்து, மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். இப்போது புதிதாக எழும் ரீங்காரம் அடிப்பலகை வழியாக ஊசிக்கு வரும் அதிர்வு. காந்த விசை புலத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது 100 ஹெர்ட்ஸில் தெரியும். இறுதியாகப் பெல்ட்டை மாட்டி முழுமையாக ஓட்டும்போது மட்டும் கேட்பது, தட்டின் பேரிங்கிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் வருவது. அதற்கு மோட்டாரைக் குறைசொல்ல முடியாது.

இரண்டாம் நிலையில் ரீங்காரம் எழுந்தால் இன்னொரு சோதனை உண்டு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அது ஓய்ந்து நிற்கும் வரை கேட்டுக்கொண்டிருங்கள். சுவிட்சை அணைத்த கணத்திலேயே ரீங்காரம் வெட்டியதுபோல் நின்றால் அது காந்தத்தால் எழுந்தது; ரோட்டார் (மோட்டாரின் சுழலும் பகுதி) வேகம் தளரத் தளரச் சுருதி இறங்கி மறைந்தால் அது பேரிங்கிலோ ரோட்டாரின் எடைச் சமநிலையிலோ உள்ள குறை. 1500 சுற்று மோட்டாரின் எடைக்குறை 25 ஹெர்ட்ஸில் தோன்றும் என்பதால், கேட்பதைவிட ஒலிபெருக்கியின் கூம்பு அசைவதில் அது நன்றாகத் தெரியும்.

காந்தத்தால் எழுந்த 100 ஹெர்ட்ஸ் அதிர்வுக்குப் பெரும்பான்மைக் காரணம் ஃபேஸ்களின் சமமின்மை. ஒன்று தாழ்ந்தாலோ, இடைவெளி 120 பாகையிலிருந்து விலகினாலோ, எதிர்த்திசையில் சுழலும் சிறு காந்தப்புலம் ஒன்று உண்டாகி, முன்னோக்கிச் சுழல்வதோடு மோதி அதிரவைக்கும். மின்தேக்கி இணைப்பில் இது தவிர்க்க முடியாத குறை. ஒரே மின்தேக்கியால் முழுச் சமநிலை கிடைக்க வேண்டுமானால் மோட்டாரின் திறன் காரணி (மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான கோண விலகலைச் சுட்டும் எண்) சரியாக 0.5 ஆக இருக்க வேண்டும். அப்படி அமைவது தற்செயலே, அமைந்தாலும் சுமை மாறியதும் கலைந்துவிடும். 230 வோல்ட்டில் ஒரு கிலோவாட்டுக்கு 70 மைக்ரோஃபாரட் என்ற வழக்கமான கணக்கு இத்தகைய சிறு மோட்டார்களுக்குத் தொடக்கப் புள்ளியாக மட்டுமே பயன்படும். உரிய சுமையோடு ஓடவிட்டு, மூன்று ஜோடிகளின் அழுத்தமும் இயன்ற அளவு நெருங்கும் வரை சிறு மின்தேக்கிகளைச் சேர்த்தும் நீக்கியும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கியை வடித்துவிடுவது கட்டாயம். அருகே ஒரு விரலை மோட்டாரின் உடலில் வைத்திருந்தால், எண்கள் நெருங்க நெருங்க அதிர்வு அடங்குவதை உணரலாம். மோட்டாரின் உடல் எர்த்தில் இணைந்திருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

என் கணிப்பில், டர்ன்டேபிளுக்கு மிகச் சிறந்த மூலம், 120 பாகை இடைவெளியில் மூன்று சைன் அலைகளை உருவாக்கி, மூன்று சாதாரண ஒலிப்பெருக்கிச் சுற்றுகளால் வலுவாக்கி, மின்மாற்றிகளால் அழுத்தத்தை உயர்த்தித் தருவதுதான். ஒவ்வொரு ஃபேஸின் அளவையும் கோணத்தையும் தனித்தனியே திருத்திக்கொள்ளலாம். 50 ஹெர்ட்ஸில் 33⅓ சுற்றும் தட்டுக்கு 67.5 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 45 சுற்றும் கிடைத்துவிடும். வேகம் பிடித்த பிறகு அழுத்தத்தை 70 விழுக்காட்டுக்குக் குறைத்தால் அதிரவைக்கும் விசை ஏறத்தாழப் பாதியாகும். முறுக்குவிசையும் அதே அளவு குறையும் என்பதால், தூசு தட்டும் பிரஷை இசைத்தட்டின் மேல் அழுத்தும்போது வேகம் தளர்கிறதா என்று பார்த்துக்கொண்டு குறைக்க வேண்டும்.

விஎஃப்டி வைத்தபின் கீச்சொலியும் இரைச்சலும்

மோட்டாரிலிருந்தே கீச்சென்ற ஒலி வந்தால் விஎஃப்டியின் சுவிட்சிங் அதிர்வெண் தாழ்வாக இருக்கிறது. 4 கிலோஹெர்ட்ஸில் கேட்பது 16 கிலோஹெர்ட்ஸில் பெரும்பாலும் மறைந்துவிடும். அதற்கு ஈடாக எர்த் கசிவும் வானொலி இடையூறும் கூடும். ஒலிபெருக்கி வழியாக இரைச்சல் வந்தால், வெளியீட்டில், துடிப்புகளை மென்மையான சைன் அலையாக்கும் சைன் வடிகட்டி ஒன்றைச் சேர்த்து, மோட்டாருக்குச் செல்லும் ஒயரை உறையிட்ட வகையாக்கி, அந்த உறையை இரு முனைகளிலும் எர்த்தோடு பற்றவைத்து, ஒலிச் சமிக்ஞை ஒயர்களை அதிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். சைன் வடிகட்டி பழைய வைண்டிங்கின் மின்காப்பையும் காப்பாற்றும். கூர்மையாக ஏறும் துடிப்புகளைத் தாங்குவதற்கென்று அந்தக் காலத்து வார்னிஷ் செய்யப்படவில்லை.

கருவிக்குள் முன்பு இருந்த மின்தேக்கியை நீக்காமல் விஎஃப்டியை மாட்டினால் அது உடனே பிழை காட்டி நிற்கும், அல்லது எரிந்துபோகும். கருவியின் பழைய ஓட்டும் சுவிட்ச் விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கக் கூடாது. அதை எடுத்து விஎஃப்டியின் கட்டளை டெர்மினலில் இணைக்க வேண்டும். பழுதே இல்லாமல் வெளியீட்டு ஃபேஸ் இல்லை என்ற எச்சரிக்கை வந்தால், மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் அந்தச் சாதனம் உணரும் அளவைவிடக் குறைவாக இருக்கலாம். மூன்று ஃபேஸ்களையும் நீங்களே அளந்து உறுதி செய்த பிறகு மட்டும் அந்தக் கண்காணிப்பை நிறுத்துங்கள்.

மிகையாகச் சூடாகிறது

வெளிப்புறம் சுழலும் ஹிஸ்டரிசிஸ் மோட்டார்கள் இயல்பாகவே சூடாக ஓடுபவை; கையை வைத்து எடுக்கத் தோன்றும் அளவு வெப்பம் இருந்தாலே பழுது என்று கொள்ள வேண்டியதில்லை. வார்னிஷ் கருகும் மணம், அல்லது முன்பில்லாத அளவு வெப்பம் இருந்தால் மூன்று ஒயர்களின் மின்னோட்டத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். மூன்றும் சமமாகவே மிகுந்திருந்தால் அழுத்தம் அதிகம், அல்லது விஎஃப்டியில் தொடக்க விசையைக் கூட்டும் அமைப்பு மிகையாக வைக்கப்பட்டுள்ளது. ஒன்று மட்டும் மிகுந்திருந்தால் அந்த வைண்டிங்கில் சில சுற்றுகள் குறுக்கே ஒட்டியிருக்கலாம்.

நேரடி இயக்க டர்ன்டேபிள் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது

1970-இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்பி-10 தொடங்கிவைத்த வகையில், பிரஷ் இல்லாத மோட்டாரின் வைண்டிங்குகளை மின்னணுச் சுற்றே மாற்றி மாற்றி இயக்குகிறது. பின்னாளில் வந்த பலவற்றில் அவை மூன்று ஃபேஸ்களாக அமைந்திருந்தன. தட்டு சில நிலைகளில் தானாகத் தொடங்கி, சில நிலைகளில் கைதொட்டால்தான் நகருமானால், ஓர் இயக்கு டிரான்சிஸ்டரோ, இடம் உணரும் உறுப்போ, அதன் பற்றவைப்போ போயிருக்கிறது. கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தால் வேகத்தைத் திருப்பி அறிவிக்கும் சமிக்ஞை வரவில்லை. இங்கும் மூன்று வைண்டிங்குகளின் மின்தடையை ஒப்பிடுவதில்தான் தொடங்க வேண்டும். அவை சில ஓம், சில பத்து ஓம் அளவிலேயே இருக்கும். இதில் விஎஃப்டியை இணைப்பதற்கு எந்த இடமும் இல்லை.

எர்த் கசிவு சுவிட்ச் விழுகிறது

விஎஃப்டியைப் பிரித்துவிட்டு மோட்டாரை மட்டும் மெக்கரால் அளந்தால் யார் குற்றவாளி என்று தெரிந்துவிடும். மோட்டார் நன்றாக இருந்தால் கசிவு விஎஃப்டியின் வடிகட்டியிலிருந்து வருகிறது. சுவிட்சிங் அதிர்வெண்ணைத் தாழ்த்தியும் ஒயரின் நீளத்தைக் குறைத்தும் பார்க்கலாம். எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது எந்நிலையிலும் தீர்வாகாது. மோட்டாரின் அளவு தாழ்ந்திருந்தால், ஈரம் ஏறியிருக்கலாம் என்ற நம்பிக்கையில், 60 அல்லது 70 பாகை செல்சியஸுக்கு மேற்படாத உலர் வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து, ஆறிய பிறகு மீண்டும் அளக்க வேண்டும். அளவு ஏறிவந்தால் வைண்டிங் பிழைத்துக்கொண்டது. ஏறாவிட்டால் மறுபடி சுற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய கம்பியை வெட்டி எடுப்பதற்கு முன், ஒவ்வொரு காயிலின் சுற்றெண்ணிக்கை, கம்பியின் தடிமன், காயில் தாண்டும் பள்ளங்களின் எண்ணிக்கை, ஒயர் வெளியேறும் பக்கம் ஆகிய நான்கையும் படத்தோடு குறித்து, சுற்றித் தருபவரிடம் மோட்டாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.